ஜீவராணி தன் வீட்டை விசாரித்த கதை

வெள்ளவத்தையில் கலியாணம் பேசுகிறவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு குடும்பத்தைத் தோண்டித் துருவி விசாரிக்க வேண்டுமென்றால், மானிங் பிளேஸ் தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடியில் இருக்கும் ஜீவராணியிடம்தான் போவார்கள். லண்டன் மாப்பிள்ளை ஒருவனுக்கு வவுனியாவில் இன்னொரு குடும்பம் இருந்ததை, இருந்த கதிரையை விட்டு எழும்பாமல் இரண்டே தொலைபேசிக் கோலில் கண்டுபிடித்தவள் அவள். பெண்ணின் பெரியம்மாவுக்கு வலிப்பு இருந்ததா, மாப்பிள்ளையின் அப்பப்பாவுக்குச் சித்தம் கலங்கியிருந்ததா, எல்லாம் அவளுடைய கொப்பியில் ஏறிவிடும். அப்படிப்பட்ட மனுசிக்குத் தன் குசினியில் இருபத்தொன்பது வருடம் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளையைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்றால் சிரிப்பதா அழுவதா? நான் முதலில் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை.

ஜீவராணிக்கு வயது ஐம்பத்தேழு. கணவர் இரத்தினசிங்கம் காலமாகி நாலு வருடம். பிள்ளைகள் இரண்டு பேர், இரட்டையர். ராகுலன் ஏழு நிமிடம் மூத்தவன், கோகுலன் இளையவன். ஒரே அச்சு. பள்ளிக்கூடத்தில் வாத்திமார் ஆள் மாறி அடித்திருக்கிறார்கள். உத்திரட்டாதி நட்சத்திரம், ஒரே பாதம், ஒரே இலக்கினம், கட்டத்தில் ஒரு கிரகம்கூட இடம் மாறவில்லை. அந்தச் சாதகத்தைக் காட்டித்தான் போன வருடம் ராகுலனுக்கு நிருஷாவைக் கட்டிவைத்தாள். அவர்கள் பம்பலப்பிட்டியில் சந்தோசமாக இருக்கிறார்கள்.

அதனால் கோகுலனுக்குப் பேசத் தொடங்கியபோது ஜீவராணி புதிதாகச் சாதகம்கூட எழுதுவிக்கவில்லை. ராகுலனுடையதைப் போட்டோக்கொப்பி எடுத்து, பெயரை மட்டும் மாற்றினாள். ஸ்ரூடியோவுக்கு வா என்று கோகுலனைக் கெஞ்சிப் பார்த்தாள், அவன் மசியவில்லை. என்ன செய்தாள் தெரியுமா? ராகுலன் கலியாணத்துக்கு முதல் கடற்கரையில் நீலச் சேட் போட்டு எடுத்த படத்தை ரொறன்ரோவுக்கு அனுப்பிவிட்டாள். ஒரே முகம்தானே, இதில் என்ன பொய் என்று தனக்குத் தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள். ரொறன்ரோவில் பெண் சாருஜா, மருந்தகத்தில் வேலை. சாதகம் பத்துக்கு ஒன்பது பொருந்தியது. படமும் பிடித்துவிட்டது. பெண்ணின் தகப்பன் சிவராசா ஞாயிற்றுக்கிழமை கோல் எடுத்துக் கடைசி முடிவு கேட்பதாகச் சொல்லியிருந்தார். சரியென்றால் அடுத்த மாதம் வந்து இறங்குவார்கள்.

அதற்கு முந்திய சனிக்கிழமை மத்தியானம் ஜீவராணி சொதிக்குத் தேங்காய்ப்பால் விட்டுக்கொண்டு நின்றாள். கோகுலன் போனோடு குசினி வாசலில் வந்து நின்றான்.

"அம்மா, இந்த நீலச் சேட் ஆற்றை?"

எட்டிப் பார்த்தாள். சாருஜா அவனுக்கு எழுதியிருந்தாள், அந்தப் படத்தையும் போட்டு, நீலம் உங்களுக்கு வடிவாயிருக்கு என்று. ஜீவராணி அசடு வழியச் சிரித்தாள்.

"அண்ணாவின்ரதுதான். அதுக்கென்ன இப்ப? ரெண்டு பேருக்கும் ஒரு முகம்தானே."

கோகுலன் கோபிப்பான் என்று நினைத்தாள். அவன் கோபிக்கவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் வந்து, மெல்லிய குரலில், பல தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தவன் போல ஒன்றும் தடுமாறாமல் சொன்னான்.

"அம்மா, அந்தப் பிள்ளையை எனக்கு வேண்டாம். அந்தப் பிள்ளையெண்டு இல்லை. எனக்குப் பொம்பிளையளில விருப்பம் வாறேல்லை. சின்னனில இருந்தே வாறேல்லை. எனக்கு ஆம்பிளையளைத்தான் பிடிக்கும். உங்களுக்குச் சொல்லாமல் இருக்கிறதுக்கு இனி என்னால ஏலாது."

சொதி பொங்கி அடுப்பில் வழிந்தது. பொங்கிய சொதி திரிந்துபோகும் என்பது முப்பது வருடம் சமைத்தவளுக்குத் தெரியாதா? கரண்டி கையில் இருந்தது, கை அசையவில்லை. ஜீவராணியின் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தை, "சோறு போடட்டே?" என்பதுதான். ஏன் அப்படிக் கேட்டாள் என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது.

"அம்மா, நான் சொன்னது விளங்கினதே?"

விளங்கிவிட்டது. விளங்கியதும் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஆர் உனக்கு இதைப் பழக்கினது என்று கத்தினாள். பழகுவதற்கு இது என்ன சிகரெட்டா அம்மா என்று அவன் கேட்டான். அண்ணாவைப் பார், ஒரே வயிறு, ஒரே சாப்பாடு, அவன் ஒழுங்கா இருக்கிறான்தானே என்றாள். ஊருக்கெல்லாம் குடும்பம் விசாரிக்கிற நான் இனி என்ர முகத்தை எங்க கொண்டுபோய் வைக்கிறது என்றாள். எல்லாவற்றுக்கும் முடிவாக, அடுப்பை நிறுத்திவிட்டு, ஒரு வசனம் சொன்னாள்.

"கட்டினா எல்லாம் சரியாப்போம். நீ கட்டத்தான் வேணும்."

கோகுலன் தாயை ஒரு கணம் பார்த்தான். பிறகு அறைக்குள் போய் ஒரு பையில் உடுப்புகளை வைத்துக்கொண்டு, தெகிவளையில் ஒரு சிநேகிதனின் அறைக்குப் போய்விட்டான். போகும்போது கதவை அடித்துச் சாத்தக்கூட இல்லை. இந்தப் பிள்ளை சின்ன வயதிலும் அழுது அடம்பிடிக்காத பிள்ளை.

ராகுலனுக்குக் கோல் எடுத்தாள். கோகுலன், கோகுலன் என்றே திக்கினாள்.

"சொல்லிப்போட்டானே?" என்றான் ராகுலன்.

"உனக்குத் தெரியுமே?"

"பதினேழு வயசில இருந்து தெரியும் அம்மா."

"நிருஷாவுக்கு?"

"கலியாணத்துக்கு முதலே சொன்னனான். அவளுக்கு அது ஒரு கதையே இல்லை."

நேற்று வந்த மருமகளுக்குத் தெரிந்திருக்கிறது. சிவராசாவிடம் ஞாயிற்றுக்கிழமை என்ன சொல்வது என்று மகனிடம் கேட்டாள். உண்மையைச் சொல்ல வேண்டாம், அது தம்பியின்ர விசயம், வேண்டாமெண்டு மட்டும் சொல்லுங்கோ என்றான். அது அவளுக்கு ஏறவில்லை. மறுநாள் சிவராசாவிடம் தனக்குத் தடிமன் காய்ச்சல் என்று ஒரு பொய்யைச் சொல்லி, அடுத்த ஞாயிறு வரை ஒரு கிழமை தவணை வாங்கினாள்.

இரண்டு நாள் படுக்கையில் கிடந்தாள். மூன்றாம் நாள் எழும்பி முகம் கழுவி, விசாரிக்கிறவளாக மேசையில் வந்து இருந்தாள். புதுத் தாள் ஒன்றின் தலையில் கோகுலன் என்று எழுதி, நடுவில் ஒரு கோடு இழுத்தாள். ஒரு பக்கம் இரத்தம், மறுபக்கம் வளர்ப்பு. இந்த இரண்டையும் விட்டால் ஒரு மனிதனுக்கு வேறென்ன இருக்கிறது என்பது அவள் தொழிலின் அடிப்படை. இரத்தம் என்றால் ராகுலனுக்கும் அதே இரத்தம்தானே, அவன் ஏன் அப்படியில்லை? வளர்ப்பு என்றால், ஒரே பள்ளிக்கூடம், ஒரே ரியூசன், ஒரே தட்டில் சாப்பாடு. சாதகத்தை எடுத்துப் பார்த்தாள். ஒரு கட்டம், இரண்டு பிள்ளைகள். எதைக் கேட்டாலும் அது இரண்டு பேருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னது.

அப்போதுதான் அவளுக்குத் தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஞாபகம் வந்தது. யாழ்ப்பாணம் முழுவதும் இடம்பெயர்ந்து நடந்த அந்த ஐப்பசியில், இரண்டு கைக்குழந்தைகளைத் தூக்க முடியாமல் கோகுலனை அக்கா பத்மாவதியின் கையில் கொடுத்தாள். சனத்துக்குள் அக்கா ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். அக்கா வன்னிக்குப் போய்விட்டாள். பதினொரு மாதம் கழித்துத்தான் பிள்ளை அவள் மடிக்குத் திரும்பி வந்தது, வந்தபோது அவளைப் பார்த்து அழுதது. வளர்ப்புப் பக்கத்தில் 'பதினொரு மாதம்' என்று எழுதிவிட்டு, ஜீவராணி பேனையை வைத்துவிட்டு வாய்விட்டு அழுதாள். நான்தான் கெடுத்துப்போட்டன், நான்தான் கெடுத்துப்போட்டன் என்று தனியே இருந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் டொக்டர் ஐறீனிடம் போனாள். மனநல வைத்தியர், கொட்டாஞ்சேனைக்காரி, அவளுடைய தங்கைக்கும் ஜீவராணிதான் குடும்பம் விசாரித்துக் கொடுத்தவள். சாதகம் இரண்டையும் கொண்டுபோய் மேசையில் வைத்தாள். டொக்டர் அவற்றை மரியாதையாக ஒரு பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"பதினொரு மாசம் நான் பால் குடுக்கேல்லை டொக்டர். அதாலயோ?"

"இல்லை அம்மா."

"அடிச்சு வளர்த்தது? தேப்பன் கனக்கக் கதைக்காதவர், அதாலயோ?"

"அதாலயும் இல்லை. தாய் தேப்பன் வளர்த்த விதத்தால இது வருது எண்டதுக்குச் சாட்சி இல்லை. இதை முதல்ல மனசில வையுங்கோ."

"அப்ப இரத்தம்தானே?"

"இரத்தத்துக்குப் பங்கு இருக்கு. ஒரே அச்சான இரட்டையரில ஒராள் இப்பிடியெண்டா, மற்ற ஆளும் அப்பிடி இருக்கிறதுக்கு வாய்ப்பு, சாதாரண சகோதரங்களைவிடக் கூடுதல். ஆனா கனபேரில மற்ற ஆள் அப்பிடி இல்லை, உங்கட வீட்டில மாதிரி. அதால மரபணு மட்டும் இதைத் தீர்மானிக்கேல்லை எண்டு தெரியுது. அதுவும் ஒரு மரபணு இல்லை. கனக்க இருக்கு, ஒவ்வொண்டும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் தள்ளும்."

"அப்ப மிச்சம் வளர்ப்புத்தானே? நீங்கள் இப்பதானே அதுவும் இல்லை எண்டனீங்கள்?"

டொக்டர் சிரித்தார். "சூழல் எண்டு நாங்கள் சொல்லுறது வளர்ப்பை இல்லை அம்மா. வயித்துக்குள்ளயே சூழல் இருக்கு. ஒரே வயிறெண்டாலும் ரெண்டு பேரும் ஒரே மூலையில கிடக்கேல்லைத்தானே? ஒராளுக்கு இரத்தம் கொஞ்சம் கூடுதலா வந்திருக்கும், மற்றாளுக்குக் குறைய. இன்னும் என்னென்னவோ. மரபணுவும் அதுவும் ஒண்டோடொண்டு சேர்ந்து வேலை செய்யுது. எது, எப்ப, எவ்வளவு எண்டு இன்னும் ஒருத்தருக்கும் வடிவாத் தெரியாது."

"மருந்து?"

"நோய் வருத்தமெண்டாத்தானே மருந்து. இது வருத்தமில்லை. மாத்தவும் ஏலாது, மாத்த வெளிக்கிட்டா ஆளைத்தான் நாசமாக்கும்."

இவ்வளவு சொன்னதில் ஜீவராணி மடியில் கட்டிக்கொண்டு போனது ஒன்றைத்தான், இரத்தத்துக்குப் பங்கு இருக்கிறது. அப்படியென்றால் ஆருடைய இரத்தம்? அவளுக்குக் கொஞ்சம் தெம்புகூட வந்துவிட்டது. இரத்தினசிங்கத்தின் பக்கமாகத்தான் இருக்கும். போனவர் எழும்பி வந்து மறுக்கப் போவதில்லை. இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் கொஞ்சம் கோபம் வருகிறது, ஆனால் மூழ்கப் போகிறவள் எதைப் பிடிக்கிறாள் என்று பார்த்துக் கோபித்து என்ன பயன்?

இரண்டு நாள் மூச்சு விடாமல் கோல் எடுத்தாள். சுவிஸ், ஜேர்மனி, மட்டக்களப்பு. இரத்தினசிங்கத்தின் பக்கத்தில் கலியாணம் கட்டாமல் இருந்தது ஒரேயொரு சித்தப்பாதான். அவருக்கும் அனுராதபுரத்தில் ஒரு பெண்ணோடு முப்பது வருடத் தொடர்பு இருந்ததாம். வேறெந்த வீட்டைப் பற்றியென்றாலும் இது கொப்பியில் ஏறவேண்டிய கெட்ட செய்தி. அன்றைக்கு மட்டும் நல்ல செய்தியாகப் போய், அவளை ஏமாற்றிவிட்டது.

மிஞ்சியது தன் பக்கம். அதிலும் ஒரேயொரு பெயர். அம்மாவின் தம்பி, சண்முகலிங்கம் மாமா. கூட்டுறவுச் சங்கக் கடையில் மனேச்சர். எழுபத்தொன்றில், இருபத்தாறு வயதில், கலியாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது கிணறு இறைக்கப் போய்த் தவறி விழுந்து செத்தவர். ஜீவராணிக்கு அப்போது நாலு வயது. அந்தப் பெயரைத் தாளில் எழுதியபோதும் அவள் பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை. ஒரு வீட்டையும் அரைகுறையாக விசாரிக்கக் கூடாது என்ற தொழில் பழக்கம், அவ்வளவுதான்.

அவளுடைய தொழிலில் ஒரு முறை உண்டு. ஒரு குடும்பத்தைப் பற்றி அறிய வேண்டுமென்றால் சொந்தக்காரரிடம் கேட்கவே மாட்டாள். அவர்கள் மறைப்பார்கள். அந்த வீட்டோடு எல்லைவேலிக்குச் சண்டை பிடித்தவர் ஆரென்று தேடிப் பிடிப்பாள். வழக்குப் பேசியவன் ஒன்றையும் மறைக்கமாட்டான். யாழ்ப்பாணத்துச் சுதுமலையில் அவளுடைய தாய் வீட்டோடு இருபத்திரண்டு வருடம் எல்லைவழக்குப் பேசியவர் நமசிவாயம். எண்பத்துநாலு வயதில், கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில் மகளோடு இருக்கிறார். ஜீவராணி சனிக்கிழமை காலை ஓட்டோ பிடித்தாள்.

மகள் தேத்தண்ணி வைத்துவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டாள். நமசிவாயம் யன்னலோரம் சாய்மனைக் கதிரையில் இருந்தார். ஆள் வற்றிப்போயிருந்தார், கண் மட்டும் கூர்மை.

"விசாரிக்க வந்தனியோ பிள்ளை? ஆருக்கு?"

அவள் ஒரு பொய்யைத் தயாராகக் கொண்டுதான் வந்திருந்தாள். ஏனோ அது வாயில் வரவில்லை. "என்ர மகனுக்கு, ஐயா" என்றாள். "சண்முகலிங்கம் மாமாவைப் பற்றி அறிய வேணும்."

கிழவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்தார், குடிக்காமல் திரும்ப வைத்தார்.

"உன்ர மகனும் அப்பிடியோ?" என்று கேட்டார்.

ஜீவராணி தன் கதிரையை அவருக்குக் கிட்ட இழுத்துப் போட்டாள்.

"அவன் கிணத்தில தவறி விழேல்லை பிள்ளை," என்றார் நமசிவாயம். "கலியாணத்துக்கு ரெண்டு கிழமை இருக்கேக்க என்னட்டை வந்தவன். எங்கட ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லாத காலம். வந்து, அண்ணை, பொம்பிளை வீட்டுக்காரர் என்னைப் பற்றி உங்களிட்டைத்தான் விசாரிக்க வருவினம், நான் குடிகாரன், கள்ளன், என்னவெண்டாலும் சொல்லுங்கோ, எப்பிடியாவது குழப்பிவிடுங்கோ எண்டு காலில விழாத குறையாக் கேட்டவன். ஏன்ரா எண்டு கேட்டனான். எனக்குப் பொம்பிளையோட வாழ ஏலாது அண்ணை, எனக்கு மனம் அந்தப் பக்கம் போகுதில்லை, அந்தப் பிள்ளையின்ர வாழ்க்கையும் வீணாப்போம் எண்டான். எனக்கு அப்ப ஒண்டும் விளங்கேல்லை."

"பிறகு?"

"பொம்பிளை வீட்டுக்காரர் வந்தவை. நான் யோசிச்சன், வேலிக்குச் சண்டை பிடிக்கிறது வேற, ஒரு பொடியன்ர கலியாணத்தைக் குழப்பிற பாவம் எனக்கேன் எண்டு. நல்ல பொடியன், கண்ணை மூடிக்கொண்டு குடுங்கோ எண்டு சொன்னனான்." கிழவரின் குரல் உடைந்தது. "உங்கட குடும்பத்தைப் பற்றி என்ர வாழ்க்கையில அந்த ஒரு தரம்தான் பிள்ளை நல்லதாச் சொன்னனான்."

ஜீவராணி கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டாள். பெண் வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் போய் விசாரித்திருக்கிறார்கள். அவள் ஊருக்கெல்லாம் செய்கிற அதே விசாரணை. நல்ல சொல் ஒன்றோடு திரும்பிப் போயிருக்கிறார்கள்.

"இதை நீங்கள் கோர்ட்டில சொல்லியிருக்கலாமே ஐயா? இருபத்திரண்டு வருசம் வழக்குப் பேசினீங்கள். சொல்லியிருந்தா எங்கட ஆக்கள் வெக்கத்தில வழக்கை விட்டிட்டுப் போயிருப்பினம்."

"ரெண்டு முழக் காணிக்காகச் சொல்லுற கதையே அது?"

ஜீவராணிக்கு அழுகை வந்தது. தன் சொந்தத்தில் ஒருத்தர்கூட அந்த மனிதனுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கவில்லை.

"அம்மாவுக்குத் தெரியுமே?" என்று கேட்டாள். கேட்காமல் விட்டிருக்கலாம்.

"உன்ர அம்மாட்டைத்தான் அவன் முதல்ல சொன்னவன். கட்டினா எல்லாம் சரியாப்போம் எண்டு சொல்லிப்போட்டாவாம். அதுக்குப் பிறகுதான் என்னட்டை வந்தவன்."

ஜீவராணி பேயறைந்தவள் போல எழும்பினாள். ஒரு சொல்கூட மாறவில்லை. முகம்கூட ஞாபகமில்லாத மாமாவுக்கு அம்மா சொன்னதை, ஒரு கிழமைக்கு முன் சொதிச் சட்டிக்குப் பக்கத்தில் நின்று அவளும் சொல்லியிருக்கிறாள். டொக்டர் சொன்ன மரபணு மாமாவிடமிருந்து வந்ததோ இல்லையோ, அது ஆருக்கும் தெரியாது. ஆனால் மாமாவைக் கிணற்றில் தள்ளியது இரத்தமில்லை. தள்ளியது ஒரு வீடு, அந்த வீட்டில் நல்ல மனத்தோடு சொல்லப்பட்ட ஒரு வசனம். அதைப் பத்திரமாகக் கொண்டுவந்து தன் பிள்ளைக்குக் கொடுத்தவள் அவள்தான்.

கிழவரிடம் சொல்லிக்கொண்டு வந்தாளா என்பதும் ஞாபகமில்லை. வீதியில் நின்று கோகுலனுக்குக் கோல் எடுத்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. ஓட்டோவில் ஏறி, "மல்லி, தெஹிவள, இக்மனட்ட" என்று சாரதியைச் சிங்களத்தில் அவசரப்படுத்தினாள். திரும்பவும் எடுத்தாள். எடுக்கவில்லை. தெகிவளையில் எந்த ஒழுங்கை, எந்த வீடு என்பதை அவள் கேட்டு வைத்திருக்கவில்லை. ஊரிலுள்ள எல்லாருடைய விலாசமும் தெரிந்தவளுக்கு மகனுடைய விலாசம் தெரியவில்லை. பதினொரு தடவை எடுத்தாள். புறக்கோட்டை நெரிசலில் ஓட்டோ அசையாமல் நிற்க, பிள்ளையாரே, பிள்ளையாரே என்று சத்தமாகவே சொன்னாள். சாரதி கண்ணாடியில் பார்த்து, "அம்மே, சனீப நெத்த?" என்று சுகமில்லையா என விசாரித்தான். பன்னிரண்டாம் தடவை கோகுலன் எடுத்தான்.

"மீட்டிங்கில இருந்தனான் அம்மா. சனிக்கிழமையும் வேலை. என்ன, சொல்லுங்கோ."

அவள் ஓட்டோவுக்குள் இருந்து ஒப்பாரி வைத்தாள். அவன் பயந்துபோய், எங்க நிக்கிறீங்கள், ஆருக்கு என்ன, என்று மாறி மாறிக் கேட்டான்.

"வீட்டை வா அப்பன்," என்றாள் கடைசியில். "அம்மா உன்னை ஒண்டுக்கும் கரைச்சல்படுத்த மாட்டன். வீட்டை வா."

அன்று பின்னேரம் அவன் வந்தான். சண்முகலிங்கம் மாமாவின் கதையை அவள் ஒன்றும் ஒளிக்காமல் சொன்னாள். கோகுலன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அவருக்கு என்ன வயசு அம்மா என்று மட்டும் கேட்டான். இருபத்தாறு என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீயும் அப்பிடி ஏதும் யோசிச்சனியே?" என்று கேட்டாள். கேட்க அவளுக்கு எவ்வளவு பயமாக இருந்தது என்பதைச் சொல்ல எனக்கு வார்த்தையில்லை.

"ஒருக்கா," என்றான். "ஏஎல் சோதினைக்குப் படிக்கேக்க. அண்ணா தெரிஞ்சு பிடிச்சிட்டான். அண்டைக்குத்தான் அவனுக்குச் சொன்னனான்."

ஜீவராணி எழும்பிப் போய் அவனுடைய தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவன் மறுக்கவில்லை. அப்படியே நின்றபடி, இத்தனை வருடம் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் பேசியும் ஒருவரிடமும் கேட்காத கேள்வியைக் கேட்டாள்.

"கட்டின பிறகு, பேந்தெண்டாலும் விருப்பம் வருமே அப்பன்? உண்மையைச் சொல்லு."

"வராது அம்மா."

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்குச் சிவராசாவின் கோல் வந்தது. அங்கே காலை. சாருஜாவுக்குத் தானே எழுதி மன்னிப்புக் கேட்பதாகக் கோகுலன் சொல்லியிருந்தான். தகப்பனோடு கதைப்பது தன் வேலை என்று ஜீவராணி போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள். கோகுலன் எதிரே இருந்தான்.

"அப்ப அக்கா, தடிமன் சுகமே? நாங்கள் பிளேன் ரிக்கற்றைப் போடட்டே?"

"வேண்டாம் தம்பி. இது சரிவராது."

"ஏனக்கா? பத்துக்கு ஒன்பது பொருத்தம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"பொருத்தம் இருக்கு. என்ர மகனுக்கு விருப்பமில்லை."

அந்தப் பக்கம் சிவராசா சிரித்தார். பகிடி என்று நினைத்துவிட்டார் போலும்.

"விருப்பம் என்னக்கா விருப்பம்? கட்டினாப் பிறகு தன்ர பாட்டில வரும்தானே. என்ர தங்கச்சி மாட்டன் எண்டு அழுதுகொண்டு நிக்கேக்க நீங்கள்தானே வந்து அவளுக்கு இதைச் சொன்னனீங்கள். மறந்து போனீங்களே?"

மறந்துதான் போயிருந்தாள். இப்போது ஞாபகம் வந்தது. இரண்டாயிரத்தொன்பதாம் ஆண்டு, இதே மேசை, கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்ற ஒரு மெலிந்த பெட்டை. ஏன் மாட்டன் என்கிறாய் என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பெட்டையின் பெயர்கூட வாயில் வரவில்லை.

"வந்ததோ தம்பி?" என்று கேட்டாள்.

"என்னது?"

"விருப்பம். உங்கட தங்கச்சிக்குப் பேந்து வந்ததோ?"

கோல் அறுந்துவிட்டதோ என்று கோகுலன் போனை எட்டிப் பார்த்தான்.

"தெரியேல்லை அக்கா," என்றார் சிவராசா. குரல் மாறியிருந்தது. "பதினஞ்சு வருசமாச்சு. அவளிட்டை ஒருத்தரும் கேக்கேல்லை."

"நான் என்ர பிள்ளையிட்டைக் கேட்டிட்டன்," என்றாள் ஜீவராணி. "வராது தம்பி."